பிளாக் விரிசல் விட்ட எம்.ஜி.ஏ.: அம்பாசடரா, மாருதியா, எம்.ஜி.பி.யா?

மெக்கானிக் மேஸ்திரி எங்கள் பழைய காரின் இன்ஜின் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பிரும்பு உடலை, மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, பழைய துணியால் ஒற்றி எடுத்தார். சாக்பீஸை நுணுக்கித் தூளாக்கி, சிலிண்டர்களுக்கு நடுவே மேல்தளத்தில் தேய்த்தார். ஐந்து நிமிடம் கொட்டகையில் யாரும் பேசவில்லை. வெள்ளைப் பூச்சில், இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் இடையில், தலைமுடி அகலத்துக்கு ஓர் ஈரக்கோடு மெல்லத் தெரிந்தது. விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் சாக்பீஸ் தூளில் ஊறி வெளியே வருகிறது. அந்தக் கோடு மேலே தொடங்கி மூன்றாவது சிலிண்டரின் சுவருக்குள் இறங்கியிருந்தது.

“ஹெட் கேஸ்கெட்தான் போயிருக்கும்னு நெனச்சேன் சார். பிளாக்கே போச்சு” என்றார் மேஸ்திரி. பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடுதான் கேஸ்கெட். சித்தப்பா எதுவும் சொல்லாமல் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

வண்டி 1957ஆம் ஆண்டு எம்.ஜி.ஏ. 1500, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். திறந்த கூரை, இரண்டு இருக்கை. குன்னூரில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒருவரிடமிருந்து சித்தப்பா 1978ல் வாங்கியது. பெங்களூருவில் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை என்றால் அல்சூர் ஏரியைச் சுற்றி இந்த வண்டியின் சத்தம் கேட்கும். நான் ஸ்டியரிங் பிடித்துப் பழகியதும் இதில்தான். போன மே மாதம் பழைய மெட்ராஸ் ரோட்டில், கே.ஆர்.புரம் நெரிசலில், ரேடியேட்டர் கொதித்துத் தண்ணீர் முழுக்க வற்றிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருவர் உதவி செய்கிறேன் என்று ஒரு குடம் பச்சைத் தண்ணீரை நேராக ஊற்றினார். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் சாக்பீஸ் காட்டியது. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்: கொதித்துவிட்டால் நிறுத்துங்கள், பானெட்டைத் திறந்துவையுங்கள், ஆறும்வரை காத்திருங்கள், தண்ணீரை அப்புறம் பார்க்கலாம்.

இனி எந்த இன்ஜின்? இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் இதே பேச்சு. பழையதையே ஒட்டவைப்பது, அம்பாசடர் இன்ஜின், இங்கிலாந்திலிருந்து எம்.ஜி.ஏ.வுக்கு அடுத்து வந்த எம்.ஜி.பி.யின் இன்ஜின், இந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெசா காரின் இசுசு இன்ஜின், மாருதியின் 1.3 லிட்டர் என்று ஐந்து வழிகள் வந்தன. மின்சார மோட்டாரும் பேச்சில் வந்துபோனது. இதே குழப்பத்தில் இருக்கும் இன்னொருவருக்கு உதவட்டும் என்று நாங்கள் பார்த்ததை எழுதுகிறேன்.

குதிரைசக்திக்கு முன்னால் கேட்க வேண்டியது

நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்டது “எத்தனை பி.எச்.பி.?” என்றுதான். எங்களுக்கு அது மூன்றாவது நான்காவது கேள்வி. முதல் கேள்வி, வண்டி எங்கே ஓடப்போகிறது என்பது. சித்தப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. ஞாயிறு காலையில் நந்தி மலை அடிவாரம் வரை, வருடத்துக்கு ஒருமுறை மைசூர் வழியாகக் குன்னூர். போக கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர், கடைசியில் மலையேற்றம். அவர் கேட்பது இவ்வளவுதான்.

அடுத்து உயரம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் மேலே இருக்கிறது. டர்போ இல்லாத எந்த இன்ஜினும் ஆயிரம் மீட்டர் ஏறினால் தன் பலத்தில் பத்தில் ஒரு பங்கை இழக்கும். காற்று மெலிந்துவிடுகிறது, வேறொன்றும் இல்லை. தொழிற்சாலை 72 என்று சொன்ன எம்.ஜி.ஏ. இன்ஜின் அல்சூரில் நின்றபடியே 65ஐ ஒட்டித்தான் கொடுக்கும். 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் 60க்குக் கீழே போய்விடும். ஆகவே விளம்பரத் தாளில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்து ஒப்பிடாதீர்கள். அந்தப் பலம் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் வருகிறது என்று பாருங்கள். மேட்டில் இழுப்பது டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை.

அடுத்தது பிரேக். எம்.ஜி.ஏ. 1500ல் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். முன்சக்கர டிஸ்க் 1959ல் 1600 வந்தபோதுதான் வந்தது. இன்ஜின் பலத்தைக் கூட்டிவிட்டு டிரம் பிரேக்குடன் குன்னூர் இறக்கத்தில் இறங்குவது சரியில்லை. இன்ஜினுக்கு ஒதுக்கும் பணத்தோடு பிரேக்குக்கும் ஒரு தொகையைச் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

பேப்பர் வேலை

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆர்.சி.யில் சேசிஸ் எண்ணோடு இன்ஜின் எண்ணும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறும்படி திருத்தக் கூடாது என்கிறது. இன்ஜின் மாற்றினால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்துத் தீர்ப்புச் சொன்னது. அதனால் வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ.வில் எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

2021ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படியிருந்தால் ‘வி.ஏ.’ என்ற எழுத்துடன் தனி நம்பர் பலகை கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. ஆனால் அந்தப் பலகை போட்ட வண்டியைக் கண்காட்சிக்கும் ராலிக்கும் எடுத்துப் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். தினசரி ஓட்டத்துக்கு அது அல்ல. சித்தப்பாவுக்கு வண்டியை ஓட்ட வேண்டும். எனவே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சான்று வாங்கிச் சாதாரணப் பதிவிலேயே வைத்திருக்கிறார். நாளை வண்டி என் தம்பி கைக்கு வந்து, அவன் வி.ஏ. பலகை வேண்டுமென்றால்? அந்தக் கதவை நாங்கள் இப்போதே அடைத்துவிடக் கூடாது. எங்கள் முடிவில் பாதி இந்த ஒரு யோசனையிலிருந்து வந்தது.

அந்தக் கால எம்.ஜி. இன்ஜின்களில் எண் ஒரு சின்னத் தகட்டில் பொறித்து பிளாக்கில் ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும். “அந்தத் தகட்டக் கழட்டிப் புது பிளாக்குல அடிச்சிட்டா யாருக்குத் தெரியும்?” என்று இரண்டு பேர் எங்களிடம் சொன்னார்கள். செய்யாதீர்கள். அது சட்டப்படி குற்றம். நாளைக்கு அந்த வண்டியை நம்பி வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகமும்கூட.

பழைய பிளாக்கையே பிழைக்கவைப்பது

மனசுக்கு நெருக்கமான வழி இது. வார்ப்பிரும்பு விரிசலை வெல்டு வைக்கலாம். ஆனால் முழு பிளாக்கையும் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, பல மணி நேரம் மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் பக்கத்திலேயே புது விரிசல் விடும். இன்னொரு முறை, சூடே இல்லாமல் தைப்பது. விரிசல் நெடுக ஒன்றையொன்று தொடும்படி துளைகள் போட்டு, மரை வெட்டி, உலோக ஊசிகளைத் திருகி, குறுக்கே பூட்டுகளை அடித்து இறுக்குவார்கள். சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டின் வெளிச்சுவரில் விரிசல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தைத்துவிடலாம். எங்களுடையது சிலிண்டருக்குள் இறங்கிவிட்டது. தைத்த பிறகு அந்தச் சிலிண்டரைப் பெரிதாகக் குடைந்து (போர் செய்து), ஸ்லீவ் என்ற புது உள்குழாயை இறக்க வேண்டும். அதற்கு மேல் ஹெட் போல்ட்டின் இழுவையும் அதே இடத்தில்தான் விழுகிறது.

செய்ய முடியாத வேலை இல்லை. ஆனால் செய்து முடித்த பிறகு பந்திப்பூர் காட்டுக்கு நடுவில் டெம்பரேச்சர் முள் கொஞ்சம் ஏறினால் சித்தப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த பிளாக்கைத் தூக்கிப் போடவும் கூடாது, இன்றைக்கு இதை நம்பி மலையேறவும் கூடாது. நிதானமாக, நல்ல கை கிடைக்கும்போது தைத்து வைத்துக்கொள்ளலாம்.

அம்பாசடர்: அதே குடும்பம்

இந்தியாவில் எம்.ஜி.ஏ. வைத்திருப்பவருக்கு ஒரு பெரிய கொடுப்பினை உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) பி சீரிஸ் இன்ஜின், 1489 சி.சி., 1953ல் எம்.ஜி. மேக்னட்டில் வந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் அதுதான், 1955ல் வந்த எம்.ஜி.ஏ.விலும் அதுதான். ஆக்ஸ்ஃபோர்டை வாங்கி உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடராகச் செய்தது. முதலில் பக்கவாட்டு வால்வு இன்ஜின், பிறகு 1959ல் இதே 1489. சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9. இரண்டும் அதே அளவு. கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெள்ளைத் துணி மூடிய சீட்டோடு நின்ற வண்டியும், இங்கிலாந்தின் ஆபிங்டனில் செய்த இந்த ஸ்போர்ட்ஸ் காரும் இன்ஜின் வழியில் சொந்தக்காரர்கள்.

அப்புறம் ஏன் ஒன்று 72 பி.எச்.பி., மற்றொன்று ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல்? எம்.ஜி.ஏ.வுக்கு இரட்டை எஸ்.யு. கார்பரேட்டர், வேறு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கூடுதல் கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற கணக்கு). அம்பாசடருக்கு ஒற்றைக் கார்பரேட்டர், மட்டமான பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்று தாழ்த்திய கம்ப்ரஷன். ஆகவே அம்பாசடர் இன்ஜினை அப்படியே எடுத்து மாட்டினால் வண்டி டாக்ஸி மாதிரித்தான் போகும். சிலர் அப்படி மாட்டிவிட்டு எம்.ஜி.ஏ. என்றால் இவ்வளவுதானா என்று விற்றிருக்கிறார்கள். பிளாக்கை மட்டும் அம்பாசடரிலிருந்து எடுத்து, உள்ளே போவதை எல்லாம் நம் பழைய இன்ஜினிலிருந்தே எடுக்க வேண்டும். கிராங்க் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), கேம், ஹெட், மேனிஃபோல்டு, இரட்டைக் கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், சம்ப், ஃப்ளைவீல். முன்பக்க மவுண்ட் தகடும், கியர்பாக்ஸ் பிடிக்கும் பின்தகடும் நம்முடையதே. மேஸ்திரி பின்தகட்டை ஓர் அம்பாசடர் பிளாக்கில் வைத்துப் பார்த்தார். ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. சேசிஸில் ஓர் இடத்தில்கூட வெட்டோ வெல்டோ வேண்டாம். நாளைக்கு ஒரிஜினல் பிளாக்கைத் தைத்து எடுத்து வந்தால், ஒரு வாரத்தில் இதை இறக்கி அதை ஏற்றிவிடலாம். மற்ற எந்த வழியிலும் இவ்வளவு எளிதாகத் திரும்பி வர முடியாது.

கம்ப்ரஷன் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 372 சி.சி. எம்.ஜி.ஏ.வின் 8.3 கம்ப்ரஷனுக்கு, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 51 சி.சி. இருக்க வேண்டும். அம்பாசடரின் தாழ்ந்த கம்ப்ரஷன், 7.2 என்று வைத்தால், அதே இடம் 60 சி.சி. இடையில் இருப்பது ஒன்பதே சி.சி. கடைக்காரர் கொடுக்கும் அம்பாசடர் பிஸ்டனின் தலையில் குழி இருந்தால் அந்த ஒன்பதும் அதில்தான் ஒளிந்திருக்கும். அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளை மாட்டி, மேலே நடுவில் துளையிட்ட கண்ணாடித் துண்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, ஊசிக் குழாயால் மண்ணெண்ணெய் விட்டு அளந்து பாருங்கள். பிஸ்டன் குழியையும் கேஸ்கெட் கனத்தையும் அதே மாதிரி அளந்து கூட்டிப் பார்த்த பிறகுதான் ஹெட்டின் அடித்தளத்தை எவ்வளவு சீவுவது (ஸ்கிம் செய்வது) என்று முடிவெடுக்க வேண்டும். சித்தப்பா இதை ஒரு நோட்டில் நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்.

தேடுவதில் எச்சரிக்கை வேண்டும். பின்னாளைய அம்பாசடர்களில் பலவும் டீசல். டீசலும் 1489 சி.சி.தான், பார்வைக்கும் அதே ஜாடை. ஆனால் அது நமக்கு உதவாது. 1800 என்று எழுதியிருந்தால் அது இசுசு. பெட்ரோல் 1489 வேண்டும். ஆரம்பகால கான்டெசாவிலும் இதே இன்ஜின் உண்டு. பெங்களூருவின் பழைய சாமான் சந்தைகளான குஜரிகளில் தேடினோம், சென்னை புதுப்பேட்டையிலும் சொல்லி வைத்தோம். விலையைவிட முக்கியம், அந்தப் பழைய வண்டியின் பதிவை ரத்து செய்த காகிதமும் ரசீதும். அவை இல்லாமல் பிளாக் இலவசமாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். பேரிங், ரிங், கேஸ்கெட் போன்றவற்றுக்கு பெங்களூரு ஜே.சி.ரோட்டு உதிரிபாகக் கடைகளில் இன்னும் குறையில்லை. அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. ஆனால் அவ்வளவு வருடம் ஓடிய வண்டியின் சாமான் சட்டென்று தீராது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்றே மெயின் பேரிங் உள்ள கிராங்க். 5,500 சுற்றுக்கு மேல் விரட்டினால் அது தாங்காது. கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பித் தள்ளும் மரை மாதிரி ஒரு வெட்டு மட்டும்தான். ஆகவே நிறுத்திய இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் இருக்கும், எந்த வித்தைக்காரர் கட்டினாலும் இருக்கும். இன்னொன்று, எம்.ஜி.ஏ.வில் இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரின் கேபிள் இன்ஜினின் பின்பக்கம் கேம்ஷாஃப்டிலிருந்து சுற்றை வாங்குகிறது. அம்பாசடருக்கு டாக்கோமீட்டரே கிடையாது. அந்த இடம் துளைத்திருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்ததில் துளைக்கவில்லை.

எம்.ஜி.பி.யின் 1798

ஓட்டும் சுகத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் இதற்குத்தான் முதலிடம். இதுவும் பி சீரிஸ்தான். ஸ்ட்ரோக் மாறவில்லை, சிலிண்டர் விட்டம் மட்டும் 80.26 மில்லிமீட்டர் ஆனது. 95 பி.எச்.பி., 149 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,000 சுற்றிலேயே. 1500ன் 104 நியூட்டன் மீட்டரோடு ஒப்பிட்டால் மலையில் ஒரு கியர் குறைவாகவே மாற்ற வேண்டியிருக்கும். 1962லிருந்து 1964 வரை வந்தது மூன்று பேரிங், அது எம்.ஜி.ஏ.வில் எளிதாக உட்காரும். அதன்பின் வந்த ஐந்து பேரிங் இன்னும் உறுதி. ஆனால் பின்தகடு, ஃப்ளைவீல், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நுழையும் புஷ் என்று சில்லறை வேலைகள் உண்டு. உலகம் முழுக்க எம்.ஜி.ஏ.காரர்கள் இதைச் செய்கிறார்கள்.

எங்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை? இங்கே எம்.ஜி.பி. பிளாக் சும்மா கிடைக்காது. இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். முழு இன்ஜின் நூற்றைம்பது கிலோவுக்கு மேல். கப்பல் கூலி, சுங்கம், அப்புறம் பெட்டியைத் திறக்கும்வரை உள்ளே இருப்பது நல்லதா என்று தெரியாத பதற்றம். பிரேக்கையும் மாற்றியாக வேண்டும். பணமும் பொறுமையும் உள்ளவர், சொந்த பிளாக் ஏற்கெனவே தொலைந்துபோனவர், தயங்காமல் இதை எடுக்கலாம். என் வயதில் எனக்கென்று ஒரு எம்.ஜி.ஏ. இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன். சித்தப்பாவிடமும் அதைச் சொன்னேன். “ஒனக்கு வேகம் வேணும்டா. எனக்கு அந்தச் சத்தம் வேணும்” என்றார்.

மாருதியின் 1.3

பெங்களூரில் இளைஞர்கள் எல்லோரும் சொல்வது இது. சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. சுசுகியின் ஜி13 இன்ஜின் நம் நாட்டு ரேஸிங்கின் உழைப்பாளி. மாருதி எஸ்டீமின் 1.3தான் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 ரேஸ் கார்களை ஓட்டுகிறது. கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் அது சீறிக்கொண்டு போவதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அலுமினிய பிளாக், பதினாறு வால்வு, இறகு மாதிரி எடை. எஸ்டீமில் இன்ஜின் குறுக்காக உட்காரும், முன்சக்கரம் ஓட்டும். அதனால் நமக்கு வேண்டியது மாருதியின் வெர்சா வேனிலோ ஜிப்சி ஜீப்பிலோ இருப்பது. அவற்றில் நெடுக்காக உட்கார்ந்து, ஐந்து கியரோடு பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் போகும். ஜிப்சி என்றால் கூடவே முன்சக்கரத்துக்கும் பலத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தொங்கும், வெர்சாவில் அந்தத் தொல்லை இல்லை. ஈகோவின் 1.2ம் அதே வாட்டம்தான்.

நெரிசலில் இதை அடிக்க முடியாது. மின்விசிறி தானாகப் போடும், கொதிக்காது, ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். குன்னூரில் காற்று மெலிந்தால் பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். மைலேஜைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஜிப்சியில் இந்த இன்ஜின் 80 பி.எச்.பி., டார்க் 103 நியூட்டன் மீட்டர். எம்.ஜி.ஏ.வின் பழைய 1489ன் டார்க் 104. எழுபது வருடப் பழைய இரும்புக்கும் இதற்கும் இழுவையில் வித்தியாசமே இல்லை. பழையது அதை 3,500 சுற்றில் தருகிறது, சுசுகி 4,500ல்தான் தருகிறது. அதாவது மேட்டில் சுசுகியை விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அது சளைக்காது, உண்மைதான். ஆனால் எம்.ஜி.ஏ. ஓட்டுகிற விதமே வேறு. மூன்றாம் கியரில் விட்டுவிட்டு, கீழ்ச் சுற்றிலிருந்து உறுமிக்கொண்டே வளைவு வளைவாக ஏறுவதுதான் அதன் நடை.

பெரிய தடை மவுண்ட். முன்னால் இன்ஜின் மவுண்டும் பின்னால் கியர்பாக்ஸ் தாங்கியும் புதிதாகச் செய்து சேசிஸில் வெல்டு வைக்க வேண்டும். கியர்லீவர் வேறு இடத்தில் வரும், கியர்பாக்ஸை மூடியிருக்கும் நடுமேட்டை (டன்னலை) வெட்ட வேண்டும். பெட்ரோல் டேங்குக்குள் பம்ப், திரும்பி வர ஒரு லைன், கம்ப்யூட்டர், வயரிங். அந்த வெட்டு விழுந்த பிறகு வண்டி பழைய நிலைக்கு வராது, வி.ஏ. பலகைக்கும் வழி இல்லை. அனுமதி கேட்டு ஆர்.டி.ஓ.வில் நிற்கும்போது சொல்வதற்கும் நம்மிடம் நியாயம் குறைவு. பாடி மட்டும் மிஞ்சி, சேசிஸ் ஏற்கெனவே துருப்பிடித்து வெட்டப்பட்ட ஒரு வண்டி கிடைத்தால் அதற்கு இது நல்ல இன்ஜின். முழு உடம்போடு இருக்கும் வண்டிக்கு வேண்டாம்.

கான்டெசாவின் இசுசு 1817 சி.சி.யும் இதே ரகம்தான். 88 பி.எச்.பி., ஐந்து கியர், முரட்டு உழைப்பு. ஆனால் சேசிஸை வெட்டும் பாவமும் உண்டு, சுசுகியின் எடைக் குறைவும் இல்லை. இரண்டு பக்கமும் நட்டம் என்று தோன்றியது. அதிக நேரம் யோசிக்கவில்லை.

மின்சார மாற்றத்தை என் மனைவி கேட்டாள், நியாயமான கேள்வி. நம் நாட்டில் அதற்கான கிட் பரிசோதனைக் கூடத்தில் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அந்த ஒப்புதலும் குறிப்பிட்ட வண்டி ரகத்துக்குத்தான் செல்லும். தெருவில் நிறைய ஓடும் கார்களுக்குக் கிட் செய்பவர்கள் எம்.ஜி.ஏ.க்கு ஏன் செய்யப்போகிறார்கள்?

எடுத்த முடிவும், கூடவே செய்வதும்

அம்பாசடர் பிளாக், எம்.ஜி.ஏ. உள்பாகங்கள். ஒரிஜினல் பிளாக் கிரீஸ் தடவி, பாலிதீனில் சுற்றி, பலகைப் பெட்டியில் சித்தப்பாவின் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிய கடிதத்தில் நடந்ததை அப்படியே சொல்லி, இரண்டு பிளாக்கின் படத்தையும் இணைத்திருக்கிறோம்.

இன்ஜினோடு மூன்று வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. முதலாவது, கொதிப்பு. ரேடியேட்டருக்குப் புதுக் கோர், முன்னால் ஒரு மின்விசிறி. விசிறிக்குப் பழைய டைனமோ போதாது. சீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளை எடுத்துவிட்டு ஒரு பன்னிரண்டு வோல்ட், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். வண்டி பாசிட்டிவ் எர்த்தில் இருந்தது, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருந்தது, அதையும் நெகட்டிவ்வாக மாற்றியாயிற்று. இவை எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை.

இரண்டாவது, பெட்ரோல். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாயும் கார்பரேட்டர் கேஸ்கெட்டும் அதில் ஊறிக் கெட்டுப்போகும். பெட்ரோல் கசிந்து சூடான மேனிஃபோல்டில் விழுந்தால் வண்டியே எரிந்துவிடும். டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லாக் குழாயும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட்டோம். எத்தனால் கலந்தால் கலவை இளைக்கும் (காற்று கூடும்), பெங்களூரு உயரத்தில் கலவை கொழுக்கும் (பெட்ரோல் கூடும்). ஒன்று மற்றொன்றை ஓரளவு ஈடுகட்டுகிறது. பிளக்கின் நிறத்தைப் பார்த்து எஸ்.யு. ஊசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளைக் கெட்டி ரகமாக மாற்றியது மூன்றாவது வேலை. ஹெட் கையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

போன சனிக்கிழமை பிளாக் போரிங்கிலிருந்து வந்தது. கிராங்கைப் பத்து தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு) கிரைண்ட் செய்து வைத்தாயிற்று. மேஸ்திரி மெயின் பேரிங்குகளை உட்காரவைத்து, எண்ணெய் விட்டு, கிராங்கை ஒரு விரலால் சுற்றிக் காட்டினார். சத்தமே இல்லாமல் சுற்றி நின்றது. டாக்கோ கேபிளுக்கான துளைதான் பாக்கி. பெட்டியைப் பிரித்து, பழைய பிளாக்கிலிருந்து அந்த இடத்தை அளந்து, சித்தப்பா சாப்பாட்டு மேஜையில் துளைபோட வழிகாட்டும் ஜிக்கை வரைந்துகொண்டிருக்கிறார்.